நின்றபடி ஓடுதல்

ஒரு பேரரசின் பெருமையை அது பாயும்போது அல்ல, நிற்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது வைத்தியநாதனின் கொள்கை.

அவருடைய பழைய லாண்ட்ரோவர் எந்தச் சிவப்பு விளக்கில் நின்றாலும் அணைந்துவிடும்.

பச்சை விழும். பின்னால் கார்கள் கத்தும். வைத்தியநாதன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சாவியைத் திருப்புவார். லண்டன் வெம்பிளியில் இருக்கிற சிவப்பு விளக்குகள் எல்லாம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று நண்பர் பாலேந்திரா தமிழ்ச் சங்கத்தில் சொல்லித் திரிந்தார்.

அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் வீட்டு வாசலில் அதே லாண்ட்ரோவருக்குள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குரல் பதிந்த ஒலிநாடாக் கசற் ஒன்று வந்திருந்தது. வைத்தியநாதன் அதைச் சங்கத்துக்கு வந்த பொன்னாடை போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவருடைய அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர். வெள்ளைக்காரத் துரையின் லாண்ட்ரோவர் வந்தால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலையில் பாதி. மகன் லண்டனுக்கு வந்து அதே ரக வாகனம் ஒன்றை வாங்கினார். மலை, சேறு, ஆறு எதிலும் ஏறும் என்றார். இதுவரைக்கும் அது ஏறிய உயரம் சுப்பர்மார்க்கெட்டின் மேல்மாடிக் கார்த் தரிப்பிடம்.

அக்சிலரேற்றரில் கால் இருக்கும்வரை ஓடும். காலை எடுத்தால் ஓர் இழுப்பு, ஓர் இருமல், முடிந்தது. பிளக் மாற்றினார். காபுரேற்றரைக் கழற்றி ஊதினார். திருகாணியைக் கொஞ்சம் உள்ளே திருகினார், கொஞ்சம் வெளியே திருகினார். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு விரிவுரை.

பிறகு அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தம்பி குகதாசன் கராஜ் வைத்திருக்கிறான். எஞ்சினின் சத்தத்தை முழுக் கசற்றில் பதிந்து, கொழும்பு வழியாகப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டால், அவன் காதால் கேட்டே அதற்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான்.

லண்டனில் மெக்கானிக்குகள் எல்லாரும் செத்துப்போனார்களோ என்று பாலேந்திரா கேட்டார். வைத்தியநாதன் பதிவுப் பெட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பதில் பாலேந்திராவுக்கும் தெரியும். அப்பா செத்தபோது மூத்த மகன் கொள்ளி வைக்கப் போகவில்லை. சண்டையால் பாதை பூட்டு என்று தந்தி அடித்தார். பாதை திறந்துதான் இருந்தது. அந்தக் கிழமை சங்கத்தின் ஆண்டு விழா; தலைமையுரை அவருடையது. அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு வரி எழுதக் கூச்சமாக இருந்தது. கூச்சத்துக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதர் எஞ்சினின் சத்தத்தை அனுப்பினார்.

இப்போது லாண்ட்ரோவருக்குள் தம்பியின் பதில் கசற் சுழன்றது. தம்பியின் குரல் வந்தது. முதலில் காபுரேற்றர். அது அடியில் காற்று இழுக்கிறது என்றார். எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கோ, சத்தம் மாறினால் மூட்டை அடைக்கிற காஸ்கெட்தான் என்றார்.

வைத்தியநாதன் பாலேந்திராவைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். நானும் அதைத்தான் நினைத்தேன் என்கிற விரல்.

பெற்றோலில் ஓடுகிற எஞ்சினைக் கேட்டு எவ்வளவோ காலம் என்றது குரல். ஊருக்குப் பெற்றோல் வரத் தடை. கராஜுக்கு வருகிறவை எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் கசற்றைப் போட்டார்களாம்.

அண்ணன் பேசப்போகிறார் என்று அம்மா முன்னால் பாய் போட்டு இருந்தாவாம்.

அம்மாவுக்குக் கேட்டது உறுமல். இருமல். அமைதி. மறுபடியும் உறுமல்.

தம்பிக்கு உடனேயே வருத்தம் பிடிபட்டுவிட்டது. கை உளைந்து நிற்பாட்டப் போனாராம். அம்மா விடவில்லை. பிள்ளை கடைசியில் ஏதும் சொல்லுவான், நீ சுத்து என்றாவாம். மற்றப் பக்கத்தையும் போடச் சொன்னாவாம்.

வைத்தியநாதனின் விரல் இறங்கியது. தான் அம்மாவுக்கென்று ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணை, எஞ்சின் நிண்ட ஒரு இடத்திலை நீங்கள் 'வெரி வெரி சொறி' எண்டு சொன்னனீங்களெல்லே? அந்த இடத்தை மட்டும் அம்மா பின்னேரங்களிலை திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டவ. 'பிள்ளை மன்னிப்புக் கேட்டிட்டான், எனக்கு இது காணும், போதும்' எண்டவ."

பிறகு தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா தை மாதம் செத்துப்போனதைச் சொன்னார். கடைசி நாட்களில் முகம் தெளிவாக இருந்தது என்றார். கொள்ளி தானே வைத்ததாகச் சொன்னார். காஸ்கெட்டைத் தடித்த கடதாசியிலும் வெட்டிப் போடலாம், ஆனால் அது அங்கே கடையில் கிடைக்கும்தானே என்றார்.

அதற்குப் பிறகு கசற் வெறுமனே சுழன்றது.

வைத்தியநாதன் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வாகனம் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதைப் போல. பாலேந்திரா பகிடி ஒன்றும் விடவில்லை. அவருடைய தோளில் கையை வைத்தார்.

"அதையாவது சொன்னீரே, வைத்தி."

ஓம் என்றார் வைத்தியநாதன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சொறி அவவுக்குச் சொன்னது. கசற் பதிந்த அன்று எஞ்சின் புகை அவவின் படுக்கை விரிப்பில் பட்டிருந்தது.