பீட்ரூட் டப்பா

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கியில் அன்று இருந்தவர்கள்: பொறுப்பாளர் லோரெட்டா, அவளுக்கு ஒத்தாசையாக ஏர்ல், வரிசை நிறையத் தாய்மார்கள், அலமாரி நிறைய யாரும் சீண்டாத பீட்ரூட் டப்பாக்கள்.

பால் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி இல்லை. நாளைக்கும் கூட்டம் வரும். பள்ளிக்கூடத்தில் திரட்டித் தருவதாகச் சொன்ன உணவைத்தான் லோரெட்டா மலைபோல நம்பியிருந்தாள்.

"மிஸ் லோரெட்டா, பீட்ரூட் ரெண்டு குடுங்க," என்றாள் வரிசையில் முதலில் நின்ற டனிஷா.

"உன் பையன் துப்பிட்டான்னு போன வாரம் என்னைத் திட்டினியேடி!"

"இப்ப வேணும்."

பின்னால் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். கடையில் திருப்பிக் கொடுத்துக் காசாக்கிவிடக் கூடாதென்று, ஏர்ல் வழக்கம்போல ஒவ்வொரு டப்பாவின் பார்கோடு மீதும் கறுப்பு மையால் கோடு இழுத்துக் கொடுத்தான்.

"ஒருவழியா சனியன் ஒழிஞ்சுது," என்றான்.

மாலையில் பள்ளி ஆசிரியை வாயெல்லாம் பல்லாக நான்கு பெட்டிகளோடு வந்தாள்.

"ஒரு பிள்ளைகூட வெறுங்கையோட வரல! ஆளுக்கு ரெண்டு டப்பா கொண்டுவந்தா எல்லாருக்கும் பீட்சா விருந்துன்னு சொல்லியிருந்தேன்."

ஏர்ல் மை பேனாவைத் திறந்துகொண்டு முதல் டப்பாவை எடுத்தான். பீட்ரூட். பார்கோடு மீது கறுப்புக் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

அவன் வாயைத் திறப்பதற்குள் லோரெட்டா அவன் காலை மிதித்தாள்.

"டீச்சர், அந்த பீட்சா விருந்தை நாளைக்கு இங்கயே வெச்சுக்கலாம். அம்மாக்களையும் வரச் சொல்லுங்க."

"அம்மாக்கள் எதுக்கு?"

"அந்த விருந்தை ஜெயிச்சுக் குடுத்தது அவங்கதானே!"

ஆசிரியை அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவளை வாசலுக்கு அனுப்பி, கதவைச் சாத்திப் பூட்டினாள் லோரெட்டா.