கொட்டாத ஈக்கள்

மழை மாதங்களில் மார்த்தாண்டத்து ரப்பர் தோட்டங்களில் பூ கிடையாது. சலேத் தேனீப் பெட்டிகளுக்குள் சிரட்டையில் சர்க்கரைப் பாகு வைத்தாள். வாசத்துக்குச் செங்குளவிகள் வந்துவிட்டன.

அவள் கணவன் வில்பிரட்டுக்குத் தேனீ ஒரு கொட்டு கொட்டினால் போதும், உயிர் போய்விடும். அவனுக்காகத்தான் கோபமே வராத புது இன ராணிகளை வாங்கிப் பெட்டிதோறும் விட்டாள். மாசியில் முகமூடி இல்லாமலே தேன் எடுத்தார்கள். அதைப் பார்த்து ஊரே வாங்கியது. இப்போது மலையடிவாரம் வரை பழைய ஈ ஒன்றுகூட இல்லை.

ஒரு குளவி பெட்டி வாசலில் இறங்கியது. காவல் ஈக்கள் விலகி வழிவிட்டன. அது ஓர் ஈயின் தலையைக் கிள்ளிப் போட்டது. பக்கத்து ஈ பாகு குடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்காவத்தானே வாங்குனேன்," என்றாள் சலேத் கணவனிடம்.

கொசு பேட்டால் குளவிகளை அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்த வில்பிரட் பேட்டை எறிந்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, வெறுங்கையை அடைமேல் அழுத்தினான்.

"ஒருக்க கொட்டித் தொலைங்க, சவங்களே!"

ஈக்கள் அவன் விரல்களில் ஏறி வியர்வையை நக்கின.

முன்பென்றால் சலேத் அலறிக்கொண்டு ஓடி அந்தக் கையைப் பிடித்து இழுத்திருப்பாள். இப்போது நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றாவது கொட்டிவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.