பிழை காட்டிய வரி

ரெஜினாவின் ஆய்வேட்டில், முதல் அத்தியாயத்திலேயே ஓர் அடைப்புக்குறி திறந்தபடி கிடந்தது. அதை மூடும் குறியைப் போட அவள் மறந்துவிட்டாள். பக்கங்களை அச்சுக்கு அடுக்கும் மென்பொருள், இப்போது மூடும், அப்போது மூடும் என்று கடைசியில் இருந்த நன்றிப் பக்கம் வரை பார்த்துவிட்டு அங்கே நின்றுபோனது. சிவப்பாக ஒரு பிழைச்செய்தி வந்து கடைசி வரியைக் காட்டியது.

"எனக்காகத் தன் படிப்பை விட்ட அக்காவுக்கு நன்றி" என்பது அந்த வரி.

"நான் என்னங்க பண்ணேன்?" என்று கேட்டது வரி.

"வண்டி நின்ன இடம் இதுதான். கோளாறு எங்கேன்னு எனக்குத் தெரியாது," என்றது பிழைச்செய்தி.

அடைப்புக்குறிக்குத் தெரியும். தன் பக்கம் எல்லோரும் திரும்பிவிடுவார்களே என்று பேசாமல் இருந்தது.

அன்று மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ரெஜினா அந்த வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். கடைசியில் அழித்தே விட்டாள். பிழைச்செய்தி முந்தைய வரிக்கு நகர்ந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து, மேலே தேடிப் போய் குறியை மூடினாள். எல்லாம் சரியாக வந்தது. அந்த அவசரத்தில் அழித்ததை மறந்துபோனாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டது புதிதாக வந்த மூடும் குறி.

"ஒண்ணுமில்ல," என்றது திறக்கும் குறி.

புத்தகமாகக் கட்டி வந்ததும் அக்கா வாங்கிப் பார்த்தாள். நன்றிப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நல்லா வந்திருக்கு ரெஜி," என்று சொல்லி மூடி வைத்தாள்.