நடக்கிற வேகம்

கணவர் முருகவேலின் முதல் வருஷத் திதி முடிந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய காரை விற்றுவிடலாம் என்று அருணாதேவி முடிவெடுத்தாள். விலை பேசுவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட மெக்கானிக் செழியனை வீட்டுக்கே வரச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத வண்டி, சாவியைத் திருப்பிய உடனே கிளம்பியது. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் இன்ஜின் விளக்கு மட்டும் அணையவில்லை.

செழியன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான்.

“புகையைச் சுத்தம் பண்ற கன்வர்ட்டர் அடைச்சுக்கிச்சுக்கா. ரொம்ப மெதுவாவே ஓட்டினா அது சூடாவாது, கரி ஜாஸ்தியா படிஞ்சிடும். யாரு ஓட்டுறாங்க?”

“யாரும் ஓட்டலப்பா. அவரு இருந்தப்ப, ஞாயித்துக்கிழமை காலையில நான் கிரிவலம் போவேன். எனக்கு மூட்டுவலி. எங்கயாவது உக்காந்துட்டா ஏத்திக்கலாம்னு பின்னாலயே உருட்டிக்கிட்டு வருவாரு. அப்பல்லாம் இந்த லைட்டு எரிஞ்சதே இல்ல.”

“அது அப்பக்கா. இந்த லைட்டு எரிஞ்சப்புறமே அம்பத்தாறு கிலோமீட்டர் ஓடியிருக்குது. எரிஞ்ச நேரத்துல வேகம் நாலுன்னு காட்டுது. நாலுல யாருக்கா கார் ஓட்டுவாங்க?”

மலையைச் சுற்றிவரப் பதினாலு கிலோமீட்டர். திதி முடிந்து அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கி நாலு ஞாயிறு ஆகியிருந்தது. அவர் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, நடக்கும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அருணாதேவி முந்தானையால் கார்க் கண்ணாடியைத் துடைத்தாள்.

“வண்டிய விக்கலப்பா. சரி மட்டும் பண்ணிக் குடு,” என்றாள். “இனிமே நான் கொஞ்சம் வேகமா நடக்கிறேன்.”