பொதுமக்கள் கேட்கலாம்

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் நெடுஞ்செழியன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். மடியில் ஒரு மஞ்சள் பை. அவனைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஸ்ரீநிவாசனுக்கு ஏசி அறையிலும் வியர்த்துவிட்டது.

அன்று அவருடைய மாணவி செம்மொழிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் பொன்னிவளம் பல்கலைக்கழகத்தில் அதைப் பொதுவில்தான் நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் அப்படியே அறிக்கையில் ஏறிவிடும். அந்த விதியை எழுதியவரே ஸ்ரீநிவாசன்தான்.

அடுத்த வாரம் அவர் நெறியாளர் அங்கீகாரக் குழுவுக்குத் தலைவராகப் போகிறார். யார் ஆய்வுக்கு வழிகாட்டலாம், யார் கூடாது என்று இனி அவர் வைத்ததுதான் சட்டம். அந்த நாற்காலிக்கு எட்டு மாணவர்களை முனைவராக்கியிருக்க வேண்டும். செம்மொழி எட்டாவது ஆள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நெடுஞ்செழியனும் அவரிடம் ஆய்வு செய்தவன்தான். கடைமடை வயல்களில் உப்பு எப்படி ஏறுகிறது என்று பார்க்க, திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை வரை நூற்றுப் பன்னிரண்டு வயல்களில் நாலு வருஷம் மண் எடுத்தான். அளவுகள் எழுதிய ஏழு நோட்டுகளையும் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு, முன்னேற்றம் போதாது என்று அவன் பதிவையே ரத்து செய்ய வைத்தார் ஸ்ரீநிவாசன். காரணம் கேட்கப் போனவனை நிற்க வைத்தே பேசினார்.

“உங்க அப்பன் பாக்குற வயக்காட்டு வேலை இருக்குல்ல, அது போதும் உனக்கு. இதெல்லாம் எதுக்கு?”

அந்த வார்த்தையை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. மறந்துவிடக் கூடாது என்று வைராக்கியமாகவே இருந்தான்.

இப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்த அட்டவணைகள் எல்லாம் அவனுடையவை. அந்த ஏழு நோட்டுகளிலும் பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, தன்னுடைய பழைய டேட்டா என்று சொல்லிச் செம்மொழியிடம் கொடுத்திருந்தார் ஸ்ரீநிவாசன். சீக்கிரம் முடிக்கவும் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்ணைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. ஐந்து வருஷம் அவருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாள், விடைத்தாள் கட்டுகளைத் தூக்கினாள், அவர் அறையில் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. எந்த ஊர், வீட்டில் யார் என்று அவர் கேட்டதும் இல்லை. கடைசி வரிசைக்காரன் வாயைத் திறந்தால் முதலில் பறிபோவது அவளுடைய பட்டம்தான்.

உரை முடிந்ததும் டீ வந்தது. வழக்கப்படி செம்மொழியே தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில், தட்டின் ஓரத்தில் தனியாக வைத்திருந்த சர்க்கரை போடாத டீயை எடுத்து நெடுஞ்செழியனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

திரும்பி வந்தவளை ஸ்ரீநிவாசன் ஓரமாகக் கூப்பிட்டார்.

“யார் என்ன கேட்டாலும் மண்ணெல்லாம் நான்தான் எடுத்தேன்னு சொல்லு. புரியுதா?”

“சரிங்க சார்” என்றாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஷோபனா தன் கேள்விகளை முடித்துக்கொண்டு, இனிப் பொதுமக்கள் கேட்கலாம் என்று அறிவித்தார். நெடுஞ்செழியன் எழுந்தான்.

“இந்த மண்ணெல்லாம் எந்த வருஷம் எடுத்ததுங்க? யார் எடுத்தது?”

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஸ்ரீநிவாசன் குறுக்கே விழுந்தார். பொதுமக்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க விதியில் இடமில்லையே என்றார் ஷோபனா. கேள்வியை எழுதிக்கொண்டு செம்மொழியைப் பார்த்தார்.

செம்மொழி மைக்கைச் சரிசெய்துகொண்டாள். இதில் ஒரு பிடி மண்கூடத் தான் எடுக்கவில்லை என்றாள். பல வருஷத்துக்கு முன் பதிவு ரத்தான ஒரு மாணவர் எடுத்த அளவுகள் இவை, நெறியாளரே கொடுத்து எழுதச் சொன்னார், சற்று முன் டீ நேரத்தில்கூட என்னுடையது என்று சொல்லச் சொன்னார் என்றாள். ஒவ்வொன்றாக, ஷோபனா எழுதுவதற்கு நேரம் விட்டுச் சொன்னாள்.

நெடுஞ்செழியன் முன்னால் வந்து பையிலிருந்த அந்த ஏழு நோட்டுகளின் நகல்களை மேஜையில் வைத்தான். அந்தக் காலத்தில் வாராவாரம் நோட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஸ்ரீநிவாசனின் கையெழுத்து தேதியோடு இருந்தது.

ஷோபனா நாலைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பெண்ணை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது.

“இதை நான் அனுப்பினா சாரோட அங்கீகாரம் போயிடும். ஆனா உங்களுக்கும் பட்டம் கிடைக்காதும்மா. தெரியும்ல?”

“தெரியும் மேடம். அனுப்புங்க.”

ஸ்ரீநிவாசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மாணவி பயத்தில் உளறுகிறாள், பழைய பகையில் ஒருத்தன் வந்து அவளைக் கலைத்துவிட்டான் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். யாரும் தலையாட்டவில்லை. கடைசியில் செம்மொழியிடமே திரும்பினார்.

“எவனோ கேட்டான்னு உன் அஞ்சு வருஷத்தைத் தொலைச்சிட்டு நிக்கிறியே. அவன் யாருன்னாவது தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். என் வீட்டுக்காரர்.”