வெறும் தூளி

மகாநதிக் கரையில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் குழந்தையை எடை போடும் குந்தளாவுக்கு அன்று பொறுமை போய்விட்டது. கொக்கித் தராசில் வெறும் தூளியை மாட்டினால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஜேமா வீட்டில் மட்டும் மூன்றாம் நாள் இரண்டு கிலோ காட்டியது, ஏழாம் நாள் இரண்டேகால், இன்று இரண்டரை. இத்தனைக்கும் இது மூன்றாவது தராசு.

“வெறுந்துணிகூட எடை ஏறுது, உன் பொண்ணு இளைச்சுக்கிட்டே போறா. பால் குடுக்கிறியா இல்லையா?”

பிரசவத்துக்குக் கூடப் போனவள் குந்தளாதான். பிறந்தது ஒன்றே ஒன்று.

“குடுக்கிறேன் தீதி. அவன் முதல்ல குடிச்சிடறான்.”

ஜேமா வெறும் தூளிக்குள் இரு கைகளையும் விட்டு எதையோ தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது.

“இப்ப இவளைப் போடுங்க.”