நாற்பது வெட்டு

எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் காட்சிகளை வெட்டும் பிளேடும் இதய எஃபெக்ட்டும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. புதிதாக எடிட்டிங் பழகிய சுகிர்தா, அக்காவின் கல்யாண வீடியோ முழுக்க இதயங்களைப் பறக்கவிட்டாள்.

"எனக்குத்தான் கிராக்கி, பார்த்தாயா?" என்றது இதயம்.

தாலி கட்டும்போது அப்பா கண்ணைத் துடைத்த காட்சி வந்தது. சரியாக அவர் முகத்தை ஓர் இதயம் மறைத்தது. சுகிர்தா எல்லா இதயங்களையும் அழித்துவிட்டு, பிளேடை எடுத்து நாற்பது இடங்களில் வெட்டிச் சேர்த்தாள்.

வீடியோவைப் பார்த்த அப்பா மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

"நடந்தது நடந்தபடியே இருக்கும்மா. நீ எதையும் வெட்டலைதானே?"

"பாவம், உன்னை யாருமே பாராட்டலையே!" என்றது இதயம்.

பிளேடு நிமிர்ந்து நின்றது.

"இப்போதானே பாராட்டினார். உன் காதில் விழலையா?"